தானாக வராத மூச்சு

2009ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, என் மூச்சு தானாக வருவதை நிறுத்திக்கொண்டது. மூச்சே நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. அப்படியிருந்தால் இதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், அதுவும் கறுப்புக் கட்டத்துக்குள் என் படத்தைப் போட்டு, நாலே வரியில். இழுத்தால் வந்தது. இழுக்காவிட்டால் வரவில்லை, அவ்வளவுதான். நாற்பத்தாறு வருடம் என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்த ஒரு காரியம், அன்றைக்கு என் மேசையில் வந்து விழுந்தது. நான் மறந்தால் நான் காலி.

இத்தனைக்கும் நான் உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பியவன். பார்த்துக்கொண்டதால் வந்த வினை.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை. வருகிற கடிதத்துக்கெல்லாம் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். போகிற கடிதத்துக்கும் அப்படியே. இருபது வருடம் இதைச் செய்தவனால் கண்ணில் படுகிற எதற்கும் எண் போடாமல் இருக்க முடியாது. செம்மண்டலத்து வீட்டிலிருந்து அலுவலகம் வரை எத்தனை வேகத்தடை, எத்தனை டிரான்ஸ்பார்மர், எந்தத் தெருவில் எத்தனை நாய் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. அலுவலகத்தில் எல்லாரையும் சிரிக்கவைப்பது. முக்கியமாக என்னை வைத்து.

அந்த வருடம் கோடையில் அடிக்கடி தலை சுற்றியது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முள்ளைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி. மாத்திரை இப்ப வேணாம். உப்பைக் கொறைங்க, காலைல நடங்க, டென்ஷன் ஆகாதீங்க."

"டென்ஷன் ஆகாம இருக்கறதுக்கு ஆபீஸ்ல லீவு குடுப்பாங்களா டாக்டர்?"

"பாத்தீங்களா, இதுக்கே டென்ஷன் ஆவுறீங்க. மூச்சுப் பயிற்சி, தியானம்னு எதாச்சும் போய்ச் சேருங்க."

சேர்ந்தேன். செம்மண்டலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில், ஐந்து நாள், சாயங்கால வகுப்பு. நடத்தியவர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலத்தான் பேசுவார். முதல் நாள் ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, அதைப் பத்து நிமிடம் சாப்பிடச் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன்.

"இங்க ஆறு இட்லிய ரெண்டு நிமிசத்துல உள்ள தள்ளுறீங்க. அங்க போயி ஒரு திராட்சைய வச்சிகினு பத்து நிமிசமா?" என்றாள் மனைவி. "அந்தம்மாவ நம்ம வூட்டுக்குக் கூட்டியாங்க. எனக்கு அரிசி மிச்சமாவும்."

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வகுப்பு நல்ல வகுப்புதான். அதற்கப்புறம்தான் ரசத்தில் மிளகு எப்போது வருகிறது, சீரகம் எப்போது வருகிறது என்று நாக்குக்குத் தெரிந்தது. காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது காலுக்கடியில் மண் இருப்பது தெரிந்தது. தூக்கம் நன்றாக வந்தது. கடைசி நாள் மூச்சைப் பார்க்கச் சொன்னார்.

"மாத்த வேணாம். கூட்ட வேணாம், கொறைக்க வேணாம். வருது, போவுது. சும்மா பாருங்க."

அந்தச் 'சும்மா'வை நான் கோட்டைவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனோம். மனைவியின் பிறந்த வீடு அங்கே கீழ வீதியில். அவளுடைய தம்பி அங்கேதான் இருக்கிறான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், எனக்கு வாய்த்த ஒரே மச்சான். என்னைப் போலவே வாய் நிற்காத ஆள். கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தபோது வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அவன் பொன்னம்பலத்துக் கூரையைக் கை நீட்டிக் காட்டினான்.

"அந்தத் தங்க ஓடு எத்தினி தெரியுமா மாமா? இருபத்தோராயிரத்து அறுநூறு. மனுசன் ஒரு நாளைக்கு உடுற மூச்சு அத்தினி. அந்தக் காலத்துலயே கணக்குப் பண்ணி வச்சிருக்காங்க."

சிதம்பரத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் விஷயம் அது. நானே பத்துத் தடவை கேட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு அது என் காதுக்குள் போய், அங்கே உட்கார்ந்திருந்த தபால் குமாஸ்தாவின் தோளைத் தட்டிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் வகுத்துப் பார்த்தேன். நிமிடத்துக்குப் பதினைந்து. கைக்கடிகாரத்தைப் பார்த்து என்னுடையதை எண்ணினேன்.

பத்தொன்பது.

இன்னொரு தடவை எண்ணினேன். பத்தொன்பதுதான். நாலு மூச்சு கூடுதலாக விட்டுக்கொண்டிருக்கிறேன். எண்பது வயது வரைக்கும் என்று கொடுத்தனுப்பிய சரக்கு, இந்த வேகத்தில் போனால் அறுபத்து மூன்றிலேயே தீர்ந்துவிடும். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலோரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, அந்த நிமிடத்திலிருந்தே சேமிக்கத் தொடங்கினேன்.

ஒரே வாரத்தில் பதினைந்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது வாரம் பதினொன்று. மூன்றாவது வாரம் எட்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என்பதால் கோப்புகளைக் கீழேயே வாங்கிக்கொண்டேன். சண்டை போட்டால் வீணாகும் என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனைவி அந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு பீரோ வாங்கிக்கொண்டாள். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக மூச்சைத் தின்பது எது என்று பார்த்தால், சிரிப்பு. ஒரு நல்ல சிரிப்புக்கு ஏழெட்டு போய்விடும். சிரிப்பை நிறுத்தினேன். சிரிக்கவைப்பதையும் நிறுத்தினேன், அடுத்தவன் சிரித்தால் எனக்கும் வந்துவிடும் என்று.

"என்னா சார், ஊமைச்சாமி ஆயிட்டீங்களா?" என்று கேட்டார் பக்கத்து மேசைக்காரர்.

நான் விரலைக் காட்டிக் காத்திருக்கச் சொல்லி, வெளியே போய்க்கொண்டிருந்த மூச்சை முழுசாக அனுப்பிவிட்டு, பிறகு, "இல்லையே" என்றேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஆடி பிறந்தபோது ஆறில் இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வழக்கமான நேரத்துக்கு மின்சாரம் போனது. தினமும் இரண்டு மணி நேரம் வெட்டு இருந்த காலம். மின்விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது. அலுவலகம் முழுக்க ஒரு நொடி யாரும் பேசவில்லை. மேசையில் படபடத்துக்கொண்டிருந்த காகிதமெல்லாம் படுத்துவிட்டது. நான் மூச்சை விட்டேன். விட்டுவிட்டு, அடுத்தது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவில்லை.

வெற்றி என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பார்த்தேன். மார்பு அசையாமல் இருந்தது. மூச்சு முட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும், முட்டவும் இல்லை. ஆள் குடியிருக்கும் வீடு என்று நினைத்துக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க, உள்ளே யாருமே இல்லை என்று மெதுவாகப் புரியுமே, அப்படி இருந்தது. பயந்துபோய் நானே இழுத்தேன். உள்ளே போனது. அடுத்ததுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறுபடியும் நானே இழுத்தேன்.

அதற்குள் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மின்விசிறியும் சுற்றத் தொடங்கியது. எனக்கு மட்டும் அன்று மாலை வரை இழுக்கிற வேலை.

அதற்கப்புறம் வந்த நாட்களைச் சொன்னால் சிரிப்பு வரும். சாப்பிடும்போது சோற்றை முழுங்குவதா, மூச்சை இழுப்பதா என்று வரிசை தெரியாமல் புரையேறும். பேசும்போது பாதி வாக்கியத்தில் நின்று காற்று நிரப்பிக்கொள்வேன், சைக்கிளுக்கு அடிப்பதுபோல. யாராவது கூப்பிட்டுத் திரும்பினால், திரும்பிய அந்த ஒரு நொடி விட்டுப்போச்சே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆறு என்பதெல்லாம் எந்தக் காலமோ ஆகிவிட்டது. பயத்தில் இருபது, இருபத்திரண்டு என்று இழுத்தேன். எண்ணிக்கை போனால் போகிறது, மறக்காமல் இருந்தால் போதும்.

டாக்டரிடம் போனேன். குழலை முதுகில் வைத்தார்.

"இழுங்க. விடுங்க. இழுங்க."

"டாக்டர், நீங்க சொன்னா இழுக்கறேன். சொல்லாட்டி வரமாட்டேங்குது."

"அப்ப நான் சொல்லாதப்ப எப்படி உயிரோட இருக்கீங்க?"

"நானே சொல்லிக்கறேன் டாக்டர்."

"தூங்கும்போது?"

குழலைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். பிரஷர் முன்னைவிட ஏறியிருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். வகுப்பு எடுத்த அம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னதற்கு, அவர் கண்ணை மூடித் திறந்து, "ரொம்ப நல்லதுங்க. கவனம் வந்துருச்சு. விடாமப் புடிச்சுக்கங்க," என்றார். நான் அழாத குறை.

ஆனால் டாக்டர் கேட்ட கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது மனைவியிடம் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன்.

"நான் தூங்குனப்புறம் ஒரு நிமிசத்துக்கு எத்தினி மூச்சு வருதுன்னு பாரு."

"வரலன்னா எழுப்பணுமா?"

"வெளையாடாத."

"சரி சரி. தூங்குங்க."

அசதியில் எப்படியோ கண் செருகிவிட்டது. எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் அவள் கையில் இருந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"எத்தினி?"

"பத்தொம்போது. மூணு தரம் எண்ணிட்டேன். மூணு தரமும் அதேதான்."

அந்த எண்ணை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் விரட்டிவிட்ட எண் அது. ஒரு மாதத்துக்கு மேல் பதினொன்று, எட்டு, ஆறு என்று நான் சாதித்ததில் ஒன்றுகூட அந்த மூச்சுக்குத் தெரியவில்லை. நான் நகர்ந்ததும் பழைய ஆள் வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, பழைய வேகத்தில் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றாள் மனைவி. "ஒங்க மூச்சு மாதிரியே இல்லங்க. ஒங்களுக்குள்ள வேற யாரோ ஒக்காந்துகினு உடுற மாதிரி இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய்த் திருநீறு எடுத்துவந்து என் நெற்றியில் பூசிவிட்டு டீ போடப் போனாள்.

அதோடு தூக்கமும் போயிற்று. படுத்தால், அந்தப் பழைய ஆள் வரும் நேரத்தில் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றும். தூங்குவதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு, உள்ளே காதை வைத்துப் படுத்திருப்பேன். நினைவு மங்கி, கைகால் கனத்து, நான் இழுக்க மறக்கும் அந்த விளிம்பில், வேறொரு மூச்சு மெல்லத் தொடங்கும். நான் தொடங்காத மூச்சு. மார்பு என்னுடையது, காற்று என்னுடையது, தூக்குவது மட்டும் நானில்லை. உடனே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அவர் போய்விடுவார். நான் வியர்த்து ஒழுகிக்கொண்டு மறுபடி இழுக்கத் தொடங்குவேன். இப்படிப் பத்து நாள். விழித்திருந்தால் நான் மறந்துவிடுவேன் என்று பயம், தூங்கினால் அவர் வருவார் என்று பயம். என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள்.

"நீங்க செதம்பரம் போங்க. அவன்தான தங்க ஓட்டக் காட்டி ஆரம்பிச்சு வச்சான். அவனே முடிச்சு அனுப்பட்டும்."

"அவன் என்னாத்த முடிப்பான்?"

"ஒண்ணும் முடிக்க மாட்டான். எனக்கு ரெண்டு நாள் தூக்கமாச்சும் வரும்."

காலை பத்து மணி பஸ். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. இழுத்து விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆலப்பாக்கத்தில் கும்பல் ஏறியது. என் இருக்கையை ஒட்டி ஒரு பெண் வந்து நின்றாள். ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் கைக்குழந்தை, மேலே கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. வண்டி கிளம்பிய குலுக்கலில் சாய்ந்தவள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், பைக்கு இடம் தேடுகிற மாதிரி குழந்தையை நீட்டினாள்.

"செத்த நேரம் மடியில வச்சிக்கங்கண்ணா. தூங்குது."

நம் பக்கத்து பஸ்ஸில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். நின்றுகொண்டிருப்பவரின் பிள்ளை உட்கார்ந்திருப்பவரின் மடிக்கு வந்துவிடும். வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் இருக்கும். பெண் குழந்தை. தலை என் முழங்கை மடிப்பில், கால் என் வயிற்றில். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு.

குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் எதைப் பார்ப்பேன், அதைத்தான் பார்த்தேன். சட்டைக்குள் வயிறு குட்டியாக, வேகமாக ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு நின்றுவிட்டது.

வயிற்றையே பார்த்தேன். ஒரு புளியமரம் போனது, இன்னொரு புளியமரம் போனது. வயிறு அசையவில்லை. என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தாயைக் கூப்பிட நிமிர்ந்தேன். அதற்குள் குழந்தை ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி குடுகுடுவென்று தொடங்கியது.

"இது... நிறுத்தி நிறுத்தி..." என்றேன்.

"அது அப்பிடித்தாண்ணா உடும்," என்றாள் அவள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி. "மொதப் புள்ளையும் இப்பிடித்தான். நானும் பயந்து பயந்து எழுப்பி உட்டு, அது ஊரக் கூட்டும். அப்பறம் பாக்கறதில்ல."

அவள் பார்க்காவிட்டால் என்ன, நான் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நின்றது, வந்தது, நின்றது, வந்தது. புதுச்சத்திரம் எப்போது போனது என்று தெரியாது. பி.முட்லூர் வந்ததும், "குடுங்கண்ணா, எறங்கணும்," என்று அவள் கை நீட்டினாள். கொடுத்தேன். மடி லேசாகி, அந்த இடத்தில் காற்றுப் பட்டபோதுதான் எனக்கு என் ஞாபகம் வந்தது.

ஆலப்பாக்கத்திலிருந்து நான் ஒரு மூச்சுகூட இழுக்கவில்லை.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இருந்தும் உயிரோடு இருந்தேன். அத்தனை நேரமும் அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். தூக்கத்தில் இல்லை, பட்டப்பகலில், கண் திறந்திருக்கும்போதே, அறுபது பேர் நடுவில். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சத்தமில்லாமல் என் நெஞ்சைத் தூக்கித் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நினைப்பு வந்த உடனே மூச்சு மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. வெள்ளாற்றுப் பாலம் முழுக்க நான்தான் இழுத்தேன்.

மச்சான் பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நின்றான்.

"என்னா மாமா, பேயப் பாத்த மாதிரி இருக்கீங்க?"

"பாக்கல. கூட வந்துச்சு."

"டிக்கெட் எடுத்துச்சா?"

வீட்டில் வத்தக்குழம்பு, அப்பளம். மெதுவாகத்தான் சாப்பிட்டேன், புரையேறாமல் இருக்க. பிறகு கூடத்தில் பாயை விரித்துக் கொடுத்தான். மின்சாரம் இல்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். படுத்தேன். இழுத்தேன், விட்டேன். கண் கனத்தது. அந்த விளிம்பு வருவது தெரிந்தது. வழக்கமாகத் திடுக்கிட்டு எழும் இடம்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கதவுக்கு வெளியே ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்து படுத்திருப்பவனுக்கு இருக்கும் பயம் அத்தனையும் இருந்தது. ஆனால் பத்து நாள் தூங்காதவனுக்கு வேறு வழி என்ன இருக்கிறது. அவர் யாராக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு முன்னாலிருந்தே இங்கே வேலை பார்ப்பவர் போலத் தெரிகிறது, நான்தான் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு மூச்சை விட்டேன். அடுத்ததை இழுக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு என் மார்பு எழும்பியது. மெதுவாக, நான் சொல்லாமலே. கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் யாரோ உட்காருவதுபோல இருந்தது. இன்னொரு தடவை எழும்பியது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

மச்சான் தோளைப் பிடித்து உலுக்கியபோது விளக்கு வைத்திருந்தார்கள். ஐந்து மணி நேரம் போயிருந்தது.

"என்னா மாமா இது கொறட்டை. பக்கத்து வூட்டு அம்மா வந்து, யாரு, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டுப் போவுது."

"அது நான் இல்ல மச்சான்," என்றேன்.

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. இருவரும் பாயில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். அவன் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.